நீர்மோர்ப் பந்தலில் அப்பாவின் ரத்தம்

கருட சேவையன்று காஞ்சிபுரத்தில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகக் கூடாது. விடியற்காலையில் பெருமாள் கருடன்மேல் புறப்பட்டுவிட்டால் தெருக்கள் அவருக்குச் சொந்தம். பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடையில், அப்பாவின் ரத்தப் பரிசோதனை அந்த நாளில்தான் வந்து விழுந்தது.

அப்பா ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தார். அந்த வருடம் அவருடைய கால்கள் வீங்க ஆரம்பித்தன. சிறுநீரகம் சரியில்லை என்றார் டாக்டர். ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறினால் இதயமே நின்றுபோகலாம், ஏறியது தெரிந்தால் உடனே சென்னைக்குப் போய் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "மெஷின்" என்பார்கள். அதையும் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

ரத்தம் எடுக்கும் லேப் அக்கா கூட்டத்தில் வண்டி வராமல் நடந்தே வந்தார். ஊசி போட்டு ஒரு சின்னக் குழாயில் ரத்தத்தைப் பிடித்தார். இன்னும் சில வீடுகள் பாக்கி இருந்ததால் லேபுக்குத் திரும்பத் தாமதமாகும் என்றார். வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, கையை நீட்டினார். எந்த வேலைக்கும் முதலில் கை நீட்டுவது அவர் வழக்கம். கொடுத்த வேலை கொடுத்தபடி முடிவதில்லை என்பது எங்கள் அனுபவம்.

"குடும்மா, நான் சந்துல பூந்து போயி குடுத்துட்டு வரேன்."

"நேரா போயி குடுத்துடணும் சார். வெயில்ல வெச்சுடாதீங்க."

அவர் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் கடைப்பிடித்தார். சந்து போய்ச் சேர்ந்த இடத்தில் சாமியும் கூட்டமும் வழியை அடைத்திருந்தன. பக்கத்தில் அவருடைய சிநேகிதர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அண்டாவுக்குப் பின்னால் ஒரு டிரம் நிறைய உடைத்த ஐஸ். பூவும் பாலும் ஐஸில் கெடாமல் இருக்கும்போது ரத்தம் மட்டும் கெட்டுவிடுமா என்று யோசித்து, குழாயை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி டிரம்மில் புதைத்துவிட்டார். சாமி நகர்ந்த பிறகும் மோர் ஊற்ற ஆள் போதவில்லை. ஊற்றிக்கொண்டே நின்றவர், நண்பகலில்தான் லேபுக்குப் போனார். குழாயைத் துண்டால் நன்றாகத் துடைத்தே கொடுத்திருக்கிறார்.

பிற்பகலில் லேபிலிருந்து போன் வந்தது. பொட்டாசியம் மிக அதிகம், உடனே டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, சென்னைக்கென்று ஒரு பையில் அப்பாவின் துணிகளை வைத்தாள். சித்தப்பா எங்கிருந்தோ ஒரு ஆட்டோ பிடித்து வந்தார். அப்பா மட்டும் அவசரப்படவில்லை. சாமி கோயிலுக்குத் திரும்பிவிட்டாரா என்று கேட்டார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

டாக்டர் அப்பாவின் மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ ஏறியிருந்தா இதுல தெரிஞ்சிருக்கணுமே. ரத்தத்த யார் கொண்டுபோனது?"

"நான்தான் சார்." சித்தப்பாவின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "கெட்டுடக் கூடாதுன்னு ஐஸ்ல வெச்சு பத்திரமா கொண்டாந்தேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தம் என்னய்யா, மோரா?"

குளிரில் ரத்த அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். குழாயில் ஏறியிருந்த உப்பு, அப்பாவின் உடம்பில் ஏறியிருக்க வேண்டியதில்லை. நர்ஸ் மறுபடி ரத்தம் எடுத்து, தானே நேராக லேபுக்குக் கொண்டுபோனார். சித்தப்பாவைத் தொடவிடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் முடிவு வந்தது. பொட்டாசியம் சரியாக இருந்தது.

"தம்பி, உங்களுக்கு பதிலா அந்த சாமிகிட்டயே குடுத்தனுப்பியிருக்கலாம். சீக்கிரம் போயிருக்கும்" என்றாள் அம்மா. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையைப் பிரிக்காமலே திரும்பினோம்.

கிளம்பும் முன் டாக்டர் அம்மாவையும் சித்தப்பாவையும் தனியாக அழைத்துப் பேசினார். அவர் சொன்னதை அம்மா பல வருடங்கள் கழித்து என்னிடம் சொன்னாள்: "ஐஸு பொட்டாசியத்ததான் கெடுத்துது. கிட்னி எவ்ளோ கெட்டிருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி அதிகமாத்தான் இருக்குதும்மா. இன்னிக்கு மெஷின் வேணாம், ஆனா ரொம்ப நாள் தள்ள முடியாது. கூடப் பொறந்தவங்க யாராவது ஒரு கிட்னி குடுக்க முடியுமான்னு பாருங்க."

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சிரிப்புதான். அடுத்த வாரம் லேப் அக்கா மறுபடி வந்தார். இம்முறை அப்பாவின் நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"எவ்ளோ வேணுமோ எடுத்துக்கம்மா. நெறைய இருக்குது."

அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அண்ணன் ரத்தத்தைக் கெடுத்ததற்குத் தம்பிக்கு இந்த ஊசி என்று நான் முடிவு செய்துகொண்டேன். தண்டனை நியாயமாகத்தான் பட்டது. சித்தப்பாவோடு வந்திருந்த சித்தி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்றுதான் விளங்கவில்லை. ஒரு ஊசிதானே என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.