பலூனுக்கு ஒரு சிபாரிசு

எண்பதுகளின் பிற்பகுதி. நெஞ்சு வலிக்கு, ரத்தக்குழாய் அடைப்பை விரித்துவிடப் பலூன் வைப்பது அப்போது புதுசு. எங்கள் பிளாக்கில் எதிர்வீட்டுக்காரர் மெட்ராஸ் போய் வைத்துக்கொண்டு வந்து, கொஞ்ச நாளிலேயே ஷிஃப்டுக்குச் சைக்கிள் மிதித்தார். அதனால் மைன்ஸுக்குப் போகிற வழியில் என் கணவருக்கும் நெஞ்சைப் பிடித்தபோது, பலூன்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மெட்ராஸ் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். அடைப்பு ரத்தக்குழாயின் நுனியில், மெல்லிய கிளைகளில் இருக்கிறதாம். பலூன் அங்கே நுழையாதாம். மாத்திரையும் நடையும் போதுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைவிட்ட கேஸ் என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஊர் திரும்பிய பிறகு என் கணவர் புரண்டு படுத்தால்கூட எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் மாற்றவும், காண்ட்ராக்ட் வேலை பெர்மனன்ட் ஆகவும் யூனியன் தலைவரைப் பிடிப்பது வழக்கம். பலூனுக்கும் அவரையே பிடித்தேன். குறிஞ்சிப்பாடிக்காரர், தங்கமான மனுஷர்.

"நா வந்து கேட்டா இல்லேன்னுடுவாரா? நீ கவலப்பட்டுகினு இருக்காத தங்கச்சி" என்று எங்களுடன் மெட்ராசுக்கே கிளம்பிவிட்டார்.

டாக்டரின் அறை மாடியில் இருந்தது. தலைவர் பாதிப் படியில் நின்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். உள்ளே போயும் இரைப்பு அடங்கவில்லை. டாக்டர் சிபாரிசைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "இது எத்தனை நாளா இருக்கு?" என்று அவரை விசாரித்தார்.

"அது கெடக்குதுங்க, இவுரு விசயத்தப் பாருங்க!"

டாக்டர் விடவில்லை. தலைவருக்கும் படம் எடுத்தார். பெரிய குழாயின் தொடக்கத்தில் ஒரே ஒரு சின்ன அடைப்பு. பலூனுக்கென்றே அளவெடுத்த மாதிரி என்றார். இரண்டு பேர் படத்தையும் எனக்குப் போட்டுக் காட்டினார். பலூன் எங்கே போகும், எங்கே போகாது என்று அப்போதுதான் விளங்கியது. என் கணவரை யாரும் கைவிடவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அங்கேயே அழுதுவிட்டேன்.

பலூன் வைத்துக்கொண்டு தலைவர் பிற்பாடு பல வருஷம் கொடி பிடித்தார். ஆனால் பலூன் வைப்பதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, கட்டிலில் வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருந்தார். என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு வேணாம்னு டாக்டராண்ட ஒரு வார்த்த சொல்லி வுடேன்" என்றார்.

என் கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தனை நாளும் அவரைச் சிரிக்கக்கூட விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தவள் நான். வலிக்கப் போகிறது என்று தடுக்க வாயைத் திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், வலிக்கவே இல்லை.