யாரும் ஓட்டாத சுற்று

இருபத்திரண்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டும் அவருக்குப் பணிமனையில் ‘தூளி’ என்று பெயர். அவர் வண்டியில் ஏறிய பயணிக்கு மூன்றாவது நிறுத்தத்துக்குள் கண் சொக்கிவிடும். நின்றுகொண்டே தூங்கியவர்களும் உண்டு. பிரேக் போட்டதே தெரியாது. அப்படிப்பட்டவர் மாதத்தில் ஒரு ஞாயிறு தன் பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போவார். போட்டிக்கு அல்ல. அங்கே கட்டணம் கட்டி, சொந்த வண்டியை ஆசை தீர ஓட்டலாம். ஆசை தீர்ந்து வீடு திரும்பியவர் யாருமில்லை என்பது வேறு விஷயம்.

பேருந்தில் ஒரு பெட்டி உண்டு. வேகம் அறுபதைத் தாண்டினால் அலுவலகத்துக்குக் கோள் சொல்லும். காரிலும் ஒரு பெட்டி. அது வேகம் போதவில்லை என்று கோள் சொல்லும். முதலாவதை அவர் திட்டாத நாளில்லை. இரண்டாவதை ஆசைப்பட்டு வாங்கி, தானே திருகு முடுக்கி மாட்டியிருந்தார்.

“அங்க வேகமா போனா மெமோ, இங்க மெதுவா போனா மூஞ்சி தொங்குது. உங்கள எந்தப் பொட்டிதான் மெச்சும்?” என்பார் மனைவி.

எந்த இடத்தில் என்ன வேகம், பிரேக்கை எவ்வளவு அழுத்தினார் என்று எல்லாவற்றையும் அந்தக் கார்ப் பெட்டி கோடுகளாக வரைந்துவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை. தடத்தை ஆறு துண்டாக வெட்டி, வெவ்வேறு சுற்றுகளில் அவர் நன்றாக ஓட்டிய துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டுப்போட்டுத் தைத்து, ‘உங்களால் முடிந்த சுற்று’ என்று கடைசி வரியில் காட்டும். அவருடைய மிகச் சிறந்த சுற்று இரண்டு நிமிடம், பூஜ்யம் புள்ளி நான்கு விநாடி. தைத்த சுற்றோ ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது. துண்டு ஒவ்வொன்றும் அவர் ஓட்டியது. முழுசாக யாரும் ஓட்டாதது. கை நழுவிப்போன சம்பந்தத்தை நினைப்பதுபோல் அந்த எண்ணை நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினார்.

பிறகு வலது முழங்கால் மக்கர் செய்தது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. “தேறினதும் பஸ் ஓட்டலாம். ஓங்கி மிதிக்கிற வேலை மட்டும் இனி வேண்டாம்” என்றார் டாக்டர். ஆக, அதற்கு முந்தைய ஞாயிறுதான் கடைசி.

அன்று மகளும் கூட வந்தாள். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுப்பவள், கோடு பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. மதிய இடைவேளையில் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“பிரேக் கோட்டப் பாருங்கப்பா. செவுரு மாதிரி ஏறி, அப்புறம் சரிஞ்சு எறங்கணும். உங்களுக்கு ஏறுறதே சரிவா இருக்கு.”

“ஓங்கித்தானம்மா மிதிக்கிறேன்?”

“நெஞ்சுவலியே இல்லைன்னு சாதிக்கிறவங்கள தெனம் பாக்குறேன். அதே மூஞ்சி.”

“ஓங்கி மிதிச்சா நிக்கிறவங்க விழுந்துடுவாங்கம்மா.”

“யாருப்பா நிக்கிறா?”

திரும்பிப் பார்த்தார். பின் இருக்கையில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“சரி, எல்லாரையும் எறக்கி விட்டுட்டுப் போங்க.”

கடைசி இருபது நிமிடம். தடத்துக்குள் நுழையும் இடத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, கொஞ்சம் காத்திருந்தார். கொடி பிடிப்பவர் வண்டி நின்றுபோய்விட்டது என்றே நினைத்தார். பிறகுதான் கார் கிளம்பியது. முதல் வளைவில் கால் வேறு யாருடையதோ போல இறங்கியது. இருக்கைப் பட்டை தோளைக் கடித்தது. “மன்னிச்சுக்குங்க” என்றார் வாய்விட்டு. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்பதை நிறுத்தினார்.

திரும்பி வந்ததும் மகள் திரையைக் காட்டினாள். ஒன்று ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு.

“புடிச்சிட்டீங்கப்பா! தாண்டியே போயிட்டீங்க!”

அவர் பார்வை கடைசி வரியில் இருந்தது. புதுத் துண்டுகள் கிடைத்ததும் பெட்டி வெட்கமில்லாமல் மறுபடி தைத்திருந்தது. ஒன்று ஐம்பத்தேழு புள்ளி ஆறு.

“இது எப்ப இங்க வந்துச்சு?”

“நீங்க நல்லா ஓட்டுனீங்கல்ல, அதான். மோசமாவே ஓட்டியிருந்தா அது பாட்டுக்கு அங்கேயே இருந்திருக்கும்.”

அதற்குள் தடத்தின் வாசலில் சங்கிலி போட்டுவிட்டார்கள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது தெரியவில்லை. பின்னால் கேனில் தண்ணீர்கூட அலம்பவில்லை.

“எல்லாரும் ஏறிட்டாங்களா?” என்றாள் மகள்.

“ம்.”

வியாழக்கிழமை, அறுவை அறைக்குப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகையில், பக்கத்தில் நடந்த மகளைக் கேட்டார்: “இன்னும் அந்த ஒண்ணு புள்ளி ரெண்டு விநாடி எங்க இருக்கு?”

“பெரும்பாலும் மூணாவது வளைவுலப்பா. இன்னும் பத்து மீட்டர் தள்ளி பிரேக்க மிதிக்கலாம்.”

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், போர்வைக்குள் வலது கால் ஒருமுறை ஓங்கி மிதித்தது.

“ஐயா, கால ஆட்டாதீங்க” என்றார் நர்ஸ்.