சூடம் காட்டவிருந்த ஸ்பீக்கர் பெட்டி

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காகப் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைக்க உட்கார்ந்தேன். எப்போதோ ஒட்டிய டேப்பின் பசை பிசுபிசுவென்று இருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தேன். பாட்டுப் போடுமுன் பெட்டிக்குச் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். ஈரம் காயுமுன்பே தீப்பெட்டியை எடுத்துவிட்டேன்.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அண்ணிக்கு வாசலிலேயே வாடை அடித்துவிட்டது. "தம்பி, குச்சிய உரசாதீங்க! பெட்டி பூரா பெட்ரோலு!" என்று பாய்ந்து வந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

அவர் திட்டவே இல்லை. "கையில ஒட்டுற பாலுக்கு நாம என்னத்த போடுறோம்?" என்று கேட்டபடி, தேங்காய் எண்ணெய் தொட்டு மிச்சப் பசையை உருட்டி எடுத்தார். பெட்டி பளபளத்தது.

இப்போது நானும் எண்ணெய்தான் தொடுகிறேன். சூடம் காட்டும்போது சாமிக்கு முந்தி அண்ணியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.