ஐஸ் பெட்டியின் மேல்

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த மாதங்களில், லண்டனிலிருக்கும் அக்காதான் ஓர் ஆங்கிலச் சிரிப்புத் தொடரை எங்களுக்கு அனுப்பினாள். அம்மா எதற்கும் சிரிப்பதில்லை என்று நான் அவளிடம் குறைப்பட்டிருந்தேன். இதைப் பார்த்தால் கல்லும் சிரிக்கும் என்றாள்.

நான் களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு நாவற்குடாவிலுள்ள வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குச் சோறூட்டிய பிறகு, கட்டிலோடு தலையணையை நிமிர்த்தி வைத்து மடிக்கணினியைத் திறப்பேன். இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு விடுதி. தங்க வந்த இளைஞன் ஒருவன் காலைச் சாப்பாட்டு மேசையிலேயே செத்துப் போகிறான். விடுதிக்காரக் கணவனும் மனைவியும் பயந்துபோய் அவனைச் சமையலறையிலுள்ள பெரிய ஐஸ் பெட்டிக்குள் போட்டு, மேலே பட்டாணிப் பொட்டலங்களை அடுக்கிவிடுகிறார்கள். நஞ்சு வைத்தது யார் என்பதுதான் கதை.

அம்மாவுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். ஆனால் அவர்களுடைய பேச்சு பிடிபடாது. நான் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்வேன். விசாரிக்க வந்த பொலிஸ்காரருக்கு அதே பட்டாணியை அவித்துக் கொடுத்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இடுப்பு நோகுது, நிற்பாட்டு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நஞ்சு வைத்தது பால்காரன்தான் என்பதில் உறுதியாக இருந்தார். அக்கா போனில் அழைத்தால் சுகம் விசாரிப்பதற்கு முன் அதைத்தான் பேசுவார். அண்ணன் போன பிறகு அம்மாவை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அண்ணன் ஒரு நண்பனின் கல்யாணத்துக்காகக் கொக்கட்டிச்சோலைக்குப் போனவன். யுத்த காலம். படகில் வாவியைக் கடந்து அக்கரையில் இறங்கியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அம்மா அவனைத் தேடி இராணுவ முகாம் முகாமாக அலைந்தார். பிறகு அலைவதை நிறுத்தினார். ஆனால் அவன் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அழுததுமில்லை. அழுதால் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஐந்தாவது பகுதியில் அந்த இளைஞனின் தாய் விடுதிக்கு வருகிறாள். கையில் மகனின் படம். சமையலறையில் கதிரை இல்லாததால் விடுதிக்காரி அவளை ஐஸ் பெட்டியின் மேலேயே உட்காரவைத்து, தேநீரும் கேக்கும் கொடுக்கிறாள். தாய் கேக்கைப் புகழ்கிறாள். கணவன் பதற்றத்தில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போடுகிறான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவக்குச் சொல்லல்லயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவ தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போயிட்டா."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் முகாமில ஒருத்தன் தேத்தண்ணி தந்தவன் புள்ள. இருங்கம்மா எண்டு கதிரயும் போட்டுத் தந்தான். நல்ல பொடியன் எண்டு நினைச்சன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் இருந்த இடத்துக்குக் கிட்டத்தான் எங்கயோ என்ட புள்ள கிடந்திருப்பான்."

நான் மடிக்கணினியை மூடினேன். அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எங்கள் தேவாலயப் போதகரைக் கூட்டிவரச் சொன்னார். அண்ணனுக்கு நினைவு ஆராதனை வைக்க வேண்டும் என்றார். எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் கேட்டும் மறுத்தவர். அக்காவுக்குச் சொன்னபோது, சிரிக்கட்டும் என்றுதானே அனுப்பினேன் என்று அவள் தேம்பினாள்.

போதகர் கட்டிலருகே இருந்து, இறந்த நாள் என்று எதை வாசிப்பது எனத் தயங்கியபடி கேட்டார். அவன் போன நாளையே சொல்லலாம் என்றேன் நான்.

அம்மா தலையசைத்து மறுத்தார். "அண்டைக்கு அவன் உயிரோடதானே இருந்தவன். கல்யாணத்துக்கெண்டு புதுச் சேட்டுப் போட்டுக்கிட்டுப் போனான்."

ஆராதனையில் பிறந்த நாளை மட்டும் வாசித்தார்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோயிருந்தோம். அவர் தலை குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனியாவது அவருக்கு ஆறுதல் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கிடைக்கவில்லை. அதுவரை அழாதவர் அன்றிலிருந்து அழத் தொடங்கினார். நேற்றுச் செத்தவனுக்கு அழுவதுபோல அழுகிறார். இப்போது ஊன்றுகோலோடு முற்றம்வரை நடக்கிறார், இடுப்பு தேறிவிட்டது. பின்னேரங்களில் நான் வேலையிலிருந்து வரும்போது வாசல் படலைக்கு வெளியிலேயே அந்தச் சத்தம் கேட்கும். சில நாட்களில் உள்ளே போக மனம் வராமல், பையைத் தோளில் மாட்டியபடி அங்கேயே நின்றுவிடுகிறேன்.