கடன் வாங்கிய மூன்று விரல்

மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலில் என் அறைத்தோழி மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் ஒழுங்காக வராது. அந்த வாரம் அவள் அக்காவுக்கு நிக்காஹ். பொது மருத்துவ வார்டில் பயிற்சி போஸ்டிங் முடிந்தது என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அவள் ஊருக்குப் போக முடியும்.

அன்றைக்குக் கட்டிலில் புவனகிரி விவசாயி ஒருவர். கல்லீரல் வீங்கி, வயிற்றைத் தொட்டாலே துடித்தார். எங்கள் வழக்கம் இருக்கிறதே, கொடுமை! ஒவ்வொருவராக அமுக்கிப் பார்த்து, விலாவுக்குக் கீழே எத்தனை விரல் அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது என்ற பேச்சே கிடையாது. இவளுக்கு முன்னால் நின்ற தடியன் அமுக்கியதில் அவர் “அம்மா” என்று அலறிவிட்டார். “மூணு விரல் சார்” என்றான் அவன்.

இவள் போர்வைமேல் கையை வைத்து எடுத்தாள். “மூணு விரல் சார்.”

பேராசிரியர் சிரித்தார். “அவன் விரல் வாழைப்பழம், உன் விரல் வெண்டைக்காய். ரெண்டுக்கும் எப்படிம்மா ஒரே கணக்கு? தொட்டியா, தொடலையா?”

செத்தோம் என்று நினைத்தேன். அதற்குள் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். “நல்லா அமுக்கிப் பாத்துச்சு சார் இந்தப் பாப்பா. இன்னும் வலிக்குது.”

அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம் அல்லவா? லூசு!

“இல்ல சார், நான் தொடவே இல்ல. அவருக்கு வலிக்குதேன்னு பொய் சொல்லிட்டேன்.”

“வலிக்குது, தொடலன்னு சொல்லியிருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன். பாக்காத அளவ பாத்ததா சொன்ன பாரு, நாளைக்கு அத நம்பி ஒருத்தன் ஈரல்ல ஊசி குத்துவான்.” போஸ்டிங்கை முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார். கேட்காமல் இனி யாரும் அந்த விவசாயிமேல் கை வைக்கக் கூடாது என்று எங்களுக்கும் ஒரு டோஸ் விழுந்தது.

கல்யாணத்துக்கு நான்தான் போனேன். பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஆனால் மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ நெஜமாவே வரலியா?” என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அடுத்த பேட்ச் மாணவர்கள் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இவளும் ஓரமாக நின்றிருந்தாள். ஒருவன் கையை நீட்டினான். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

“அந்தப் பாப்பாவக் கேளுங்க. தெனம் என்னைக் கேட்டுட்டுதான் தொட்டுப் பாக்குது. அது சொன்னா சரியா இருக்கும்.”