சுழி போட்ட படிவம்

கடன் வாங்கி முதலீடு செய்கிற ஃபண்டுகள், சந்தை ஏறினால் இரண்டு மடங்கு ஏறும், இறங்கினாலும் அப்படித்தான். சாதாரண ஆட்களுக்கு அதைச் சும்மா விற்கக் கூடாது என்று விதி வந்ததும், காரைக்குடியில் நான் வேலை பார்த்த தரகு அலுவலகத்துக்குப் பத்துக் கேள்விப் படிவம் வந்தது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டால்தான் கம்ப்யூட்டர் விடும். "டிக் அடிங்க, டிக் அடிங்க" என்று சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் அந்த ஃபண்டு வாங்க ஒருவர் வந்தார். அமராவதிபுதூர்க்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒல்லி உடம்பு, காதில் பேனா. எந்தக் காகிதம் கொடுத்தாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவார். டோக்கன் சீட்டில்கூடப் போட்டார்.

பத்துக் கேள்வியையும் படித்தவர் அவர் ஒருவர்தான். 'போட்ட பணம் முழுதும் போனாலும் தாங்குவீர்களா?' என்ற இடத்தில் 'இல்லை' அடித்தார்.

"ஐயா, அப்படிப் போட்டா வாங்க முடியாது. எல்லாரும் ஆமான்னுதான் போடுறாக."

"சுழி போட்ட காகிதத்துல எப்படித் தம்பி பொய் எழுதுறது?"

ஒருவராவது தப்பித்தார் என்று நினைத்தேன். அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப வேற படிவம் ஒண்ணு குடுங்க."

அதில் சுழி போடவில்லை. பத்துக்கும் 'ஆம்' அடித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விதிப்படி மேலே அனுப்பியது இரண்டாவதை.