பல்லைக் கழற்றிவிட்டுச் சுறா பார்க்கப் போனவள்

என் வீட்டுக்காரிக்குச் சுறா என்றால் உயிர். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சாப்பிடவா?" இல்லை ஐயா, பார்க்க. அதுவும் தட்டில் கிடக்கிற சுறாவை இல்லை, தண்ணீரில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற சுறாவை. கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார், ஏதோ நான்தான் அவளை இப்படி ஆக்கிவிட்டேன் என்பது போல. எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. குளிப்பதைக்கூட ஒரு வாளியோடு முடித்துக்கொள்கிற ஆள் நான்.

எங்கள் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவோம். லேப் என்று பேர், ஒரே அறை, இரண்டு மேசை, ஒரு பாலிஷ் மிஷின், அலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ. முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பார்த்ததும் வந்த விஷயத்தை மறந்துவிடுவார்கள். அச்சு எடுப்பதும் தேய்ப்பதும் என் வேலை. பல் அடுக்குவது அவள் வேலை. அவள் அடுக்கிய பல் நிஜப் பல் மாதிரி லேசாக முன்னே பின்னே நிற்கும். நான் அடுக்கினால் ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கும் என்பாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே தன் பல்லைப் பறிகொடுத்துத்தான். கல்லூரிக் காலத்தில் பஸ் சடன் பிரேக் போட்டதில் முன்சீட்டுக் கம்பியில் மோதி, மேல்வரிசையில் முன்பக்கத்துப் பல் எட்டு போய்விட்டது. அவளுக்குச் செட் செய்துகொடுத்தவன் நான். நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி செய்தேன், மறுபடி திருப்பினாள். கடைசியில் நேரிலேயே வந்து சண்டை போட்டாள். அந்தச் சண்டை கல்யாணத்தில் முடிந்தது.

ஆனால் ஒன்று. செட்டைக் கழற்றிய வாயை அவள் யாருக்கும் காட்டியது கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக் கழற்றுவாள், எழுந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி மாட்டுவாள். செட் மாட்டியிருக்கும்போது சிரித்தால்கூடக் கை தானாக வாய்க்குப் போகும். ஊருக்கெல்லாம் பல் அடுக்குகிறவளுக்கு இது என்ன வெட்கம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. கேட்டால் வீடு ரெண்டாகும் என்று விட்டுவிட்டேன்.

சுறா எங்கள் வாழ்க்கைக்குள் டிவி வழியாக வந்தது. வேலை செய்யும்போது காதுக்கு ஏதாவது வேண்டும் என்று லேபில் ஒரு பழைய டிவி வைத்திருந்தோம். பிளாஸ்டர் தூசி படிந்து எல்லா நிகழ்ச்சியும் பனிமூட்டத்தில் நடப்பது போலத் தெரியும். ஒருநாள் அதில் சுறா ஓடியது. அவள் கையில் மெழுகுக் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, கேட்டீங்களா? ஒரு பல்லு விழுந்தா பின்வரிசையில இருந்து அடுத்தது முன்னால வந்துடுமாம். ஆயுசுக்கும் வந்துகிட்டே இருக்குமாம்."

"மனுஷனுக்கும் அப்படி இருந்தா நாம ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்," என்றேன்.

"நான் ஏன் நிக்கணும்? உங்களப் பாத்திருக்கவே மாட்டேனே."

நான் பாலிஷ் மிஷினைப் போட்டுவிட்டேன்.

அன்று பிடித்ததுதான். சுறா வருகிற நிகழ்ச்சி எதையும் விடமாட்டாள். எந்தச் சுறா எந்தக் கடலில் இருக்கும், எது தூங்கும், எது நீந்திக்கொண்டே இருக்கும் என்று எனக்கும் சேர்த்து மனப்பாடம் செய்தாள். சுறா வரும்போதெல்லாம் திகிலாக இசை போட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். "அது பாட்டுக்கு ஒரு வேலையா போகுது. இவங்க எதுக்கு மேளம் அடிக்கிறாங்க?" என்று டிவியையே திட்டுவாள். கிளினிக்குகளில் அவளுக்குச் சுறா மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இதெல்லாம் டிவியோடு இருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. குட்டையைக் குழப்பியது எங்கள் மகள். கடலோர ஊரில் வேலை அவளுக்கு. "அம்மா, எங்க ஊர்ல இருந்து படகுல போனா சுறா பாக்கலாம். சிலிண்டர் மாட்டிக் கீழ கூட்டிட்டுப் போறாங்க. முதல்ல உங்க ஊர் நீச்சல்குளத்துலயே கத்துக் குடுப்பாங்க," என்று போனில் சொல்லி, பணமும் கட்டிவிட்டாள். என் வீட்டுக்காரிக்கு ஏற்கெனவே நீச்சல் தெரியும். நான் தலைகீழாக நின்று பார்த்தேன். சுறா கடிக்கும் என்றேன். "நாய் கடிச்சு ஊசி போட்டவங்க எத்தன பேரு, சுறா கடிச்சவங்க எத்தன பேருன்னு நம்ம தெருவுல எண்ணிப் பாருங்க," என்றாள். இவளிடம் பேசி நான் என்றைக்கு ஜெயித்தேன்?

குளத்தில் சொல்லிக்கொடுத்தது மகள் வயதுப் பெண். கோச் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் கரையில், தண்ணீர் தெறிக்காத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வரும், அதன் நுனியில் ரப்பரில் ஒரு மவுத்பீஸ். அதைப் பல்லால் கடித்துக்கொண்டு மூச்சுவிட வேண்டும். அவள் உள்ளே போனாள். போன வேகத்தில் மேலே வந்தாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கோச் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடித்த அழுத்தத்தில் செட் கழன்றுவிட்டது.

உடை மாற்றி வந்த பிறகு கோச் மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, கழட்டி மாட்டுற பல்லோட கடலுக்குள்ள விடமாட்டோம். தொண்டைக்குள்ள போயிட்டா கஷ்டம். பல்லக் கழட்டிட்டா மவுத்பீஸ் நிக்காது. ஆழத்துல அது நழுவுனா பதறி மேல ஏறுவீங்க, அது இன்னும் ஆபத்து. மன்னிச்சுக்கோங்க."

பொய் சொல்லக் கூடாது, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. என் பெண்டாட்டியைக் கடலும் கொண்டுபோகாது, சுறாவும் கொண்டுபோகாது. வரும் வழியில் அவளுக்குப் பிடித்த ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடாமலேயே உருகவிட்டாள்.

மறுநாள் லேபில் அவள் டிவியைப் போடவில்லை. அதற்கடுத்த நாளும் போடவில்லை. நானே போட்டுவிட்டேன், சுறாதான் ஓடியது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து பல் அடுக்க உட்கார்ந்தாள். கோபப்பட்டால் பரவாயில்லை, திட்டினால் இன்னும் நல்லது. இவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு வாரம் அந்த அறையில் பாலிஷ் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அவள் அடுக்கிய பற்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேர்கோட்டில், என் வேலை மாதிரி நின்றன. அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊரில் பாக்சிங் ஆடுகிறவர்களுக்குப் பல்காப்பு செய்கிற ரப்பர் எங்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வாய்க்கு அளவெடுத்து, பல் இல்லாத இடத்தை ரப்பராலேயே மேடாக்கி, கடைவாய்ப் பல்லால் அழுத்திக் கடிக்கிற மாதிரி ஒரு மவுத்பீஸ் செய்தால் நிற்கும். இது எனக்குக் குளத்தங்கரையிலேயே தெரியும். தெரிந்தும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் போய்விடுவாளே.

கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன். "கழட்டு. அளவு எடுக்கணும்."

"எதுக்கு?"

"சுறா பாக்க வேண்டாமா?"

சுவர்ப் பக்கம் திரும்பிச் செட்டைக் கழற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

இழைத்து இழைத்துச் செய்தேன். இத்தனை வருஷ அனுபவத்தையும் அதில் கொட்டினேன். கோச்சிடம் காட்டினோம், தன் ஆட்களைக் கேட்டுவிட்டுக் குளத்தில் முயன்று பார்க்கலாம் என்றாள். குளத்தின் அடியில் உட்கார்ந்திருந்தவரை கச்சிதமாக நின்றது. நீந்தத் தொடங்கியதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீர் உள்ளே போய்விட்டது. நான் ரப்பரைத் திட்டினேன், குழாயைத் திட்டினேன். கோச் சிரித்துவிட்டாள்.

"அங்கிள், கடி அளவு எப்படி எடுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான். நாற்காலியில நிமிந்து உக்கார வச்சு."

"தண்ணிக்குள்ள யாரு அங்கிள் நாற்காலி போட்டு உக்காருவாங்க? குப்புறப் படுத்து, தலையத் தூக்கிப் பாத்துகிட்டேல்ல போவாங்க."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்தால் கீழ்த்தாடை இடம் மாறும். வாய்க்குள்ளேயே குடும்பம் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் செட் கட்டுகிறவன் கண்ணுக்கு மனிதன் எப்போதும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துதான் இருக்கிறான்.

அன்று சாயங்காலம் வேலை மேசையைக் காலி செய்து, அவளைக் குப்புறப் படுக்க வைத்தேன். கை இரண்டும் பின்னால், தலை தூக்கி, வாயில் சூடான மெழுகு. "இன்னும் கொஞ்சம் தலையத் தூக்கு. சுறா மேல போகுது பாரு," என்றேன். அவள் சிரிப்பை அடக்கியதில் மேசையே குலுங்கியது. அந்த நேரம் பார்த்துத்தானா கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் கிளினிக் டாக்டரம்மா வர வேண்டும்? ஒரு செட்டை அவசரமாகக் கேட்டு வந்தவர், மேசை மேல் கிடப்பவளையும் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் அப்புறமா வரேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு, "பாத்துட்டாங்களா? வாயப் பாத்துட்டாங்களா?" என்று அதையே கேட்டாள். அவருக்கு மற்றதெல்லாம் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது என்று சமாதானம் சொன்னேன்.

இரண்டாவது மவுத்பீஸ் நின்றது. குட்டிக்கரணம் போட்டும் நின்றது.

கடலுக்கு நானும் போனேன். படகில் ஏறி இரண்டு லைஃப் ஜாக்கெட் கேட்டேன், ஒன்றுதான் தருவோம் என்றார்கள். எங்களோடு அதே கோச்சும் இன்னும் நாலைந்து பேரும், எல்லாம் சின்ன வயசு. நேரம் வந்ததும் அவள் என் பக்கம் ஒதுங்கி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி, செட்டைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு என் சட்டைப்பையில் வைத்தாள். "பத்திரம்," என்று வாயைத் திறக்காமல் சொன்னாள். மவுத்பீஸைக் கடித்தாள், முதுகுப் பக்கமாகச் சாய்ந்தாள். அவ்வளவுதான், தண்ணீர் மூடிக்கொண்டது.

நான் ஆடிப்போய்விட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது? குமிழி மேலே வந்துகொண்டிருக்கும் வரை கவலையில்லை என்று படகுக்காரர் சொன்னார். யாருடைய குமிழி என்று யார் கண்டது? எல்லாக் குமிழியையும் அவளுடையதாகவே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு நடுவே வாந்தி எடுத்தேன். சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இவள் வராவிட்டால் இந்த எட்டுப் பல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படகுக்காரர் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் கோச்சின் தலை தெரிந்தது. அடுத்து அவள். ஏணியைப் பிடித்து ஏறும்போதே மவுத்பீஸை எடுத்துவிட்டாள்.

"என்னங்க, அஞ்சு! அஞ்சு சுறாங்க! ஒண்ணு மணல்ல படுத்துத் தூங்குது. ஒண்ணு நேரா என் பக்கம் வந்துச்சு, இந்தா இவ்வளவு கிட்ட. என்னப் பாத்துச்சு. பாத்துட்டு, இவ யாருடான்னு திரும்பிப் போயிடுச்சு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லாமல், ஈறு முழுக்கத் தெரிய, படகில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தாள். சொற்கள் காற்றாக வழுக்கி வந்தன, அதைப்பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. கை வாய்க்குப் போகவில்லை. கை இரண்டும் சுறாவின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் சுவர் பார்த்த சிரிப்பு.

டப்பாவை எடுத்து நீட்டினேன். அதைப் பார்க்கக்கூட இல்லை. "இருக்கட்டுங்க, முதல்ல இதக் கேளுங்க," என்று தள்ளிவிட்டாள்.

கோச் மவுத்பீஸைக் குழாயிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தேன். கடைவாய்ப் பக்கம் பல் பதிந்து, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ரப்பர் நசுங்கியிருந்தது.

"பயந்தியா?"

"பயமா? செத்தேன்னே நெனச்சேன்." மறுபடி அதே சிரிப்பு. "அடுத்த தடவைக்கு இன்னும் கொஞ்சம் தடிமனா பண்ணிடுங்க."

கரை சேரும் வரை பேச்சு ஓயவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் வாய் நிறையப் பேசினாள். கரையில் இறங்கி ஒரு கடை வாசலில் உட்கார்ந்தோம். டீயோடு பிஸ்கட் வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்து, என் பக்கம் கையை நீட்டினாள்.

"பல்லக் குடுங்க."